பிரதேச சபையும் நமது லயமும்



2025 மே மாதம் 6ஆம் திகதி இலங்கை முழுவதும் 339 உள்ளூராட்சி மன்றங்களுக்குத் தேர்தல் நடந்தது. நமது நுவரெலியா மாவட்டத்திலும் மாநகர சபை, நகர சபைகள், பிரதேச சபைகள் எல்லாவற்றுக்கும் மக்கள் வாக்களித்தார்கள். தேர்தலுக்கு முந்திய வாரங்களில் லயத்து வாசலுக்கு எத்தனை பேர் வந்தார்கள்! எத்தனை நோட்டீஸ், எத்தனை ஒலிபெருக்கி! ரோட்டுப் போட்டுத் தருவோம், தண்ணி கொண்டு வருவோம், சம்பளம் கூட்டித் தருவோம், காணி வாங்கித் தருவோம், ஆஸ்பத்திரியைத் திருத்துவோம் என்று எல்லாரும் எல்லாமும் சொன்னார்கள்.

இதில் எது பிரதேச சபையால் முடியும்? எது முடியாது? முடியுமென்றால் அதை எப்படிக் கேட்டு வாங்குவது? இந்தப் பாடத்தில் இதைத்தான் நாம் படிக்கப் போகிறோம். எந்தக் கட்சிக்கும் சார்பாகவோ எதிராகவோ இங்கே எழுதவில்லை. சபை என்பது என்ன என்று தெரிந்து கொண்டால், யார் வந்து பேசினாலும் நாமே எடை போட்டுப் பார்க்கலாம். கொழுந்து நிறுக்கும் போது தராசைக் கவனிக்கிறோம் அல்லவா? அதே கவனம் வாக்குறுதிக்கும் வேண்டும்.

நமக்கு ஓட்டு வந்த கதை

முதலில் கொஞ்சம் பழைய கதை. இளம் பிள்ளைகளுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

1931இல் இலங்கையில் சர்வசன வாக்குரிமை வந்தது. நிபந்தனைகளோடுதான் என்றாலும், தோட்டத் தொழிலாளரில் பலருக்கும் அந்த உரிமை கிடைத்தது. ஆனால் கிராம மட்டத்தில் கதை வேறு. 1930களின் கடைசியில் கிராமச் சபைச் சட்டம் திருத்தப்பட்ட போது, தோட்டத்தில் குடியிருக்கும் தொழிலாளர் அந்தச் சபைகளின் தேர்தலில் பங்கு கொள்ள முடியாதபடி ஒதுக்கி வைக்கப்பட்டார்கள். அதாவது பாராளுமன்றத்து ஓட்டுப் பறிபோவதற்கு முன்னமே, ஊர்ச் சபையின் கதவு நமக்கு மூடப்பட்டு விட்டது.

1947 பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 ஆசனங்களை வென்றது. அடுத்த ஆண்டே 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் தேர்தல் சட்டமும் திருத்தப்பட்டது. பிரஜை அல்லாதவருக்கு ஓட்டு இல்லை என்றானது. 1952 தேர்தலில் நம் மக்களின் பிரதிநிதி என்று ஒருவர் கூடத் தெரிவாகவில்லை. 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று கணக்குப் போட்டார்கள். மீதி ஒன்றரை லட்சம் பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். ஒரே லயத்தில் அண்ணன் அந்தப் பக்கம், தம்பி இந்தப் பக்கம் என்று பிரிந்த குடும்பங்கள் எத்தனை!

1977இல் நுவரெலியா - மஸ்கெலியா தொகுதியில் சௌமியமூர்த்தி தொண்டமான் மூன்றாவது உறுப்பினராகத் தெரிவானார். 1947க்குப் பிறகு அந்த இடம் கிடைக்க 30 வருஷம் எடுத்தது. பிறகு 1986, 1988, 2003 ஆண்டுகளில் வந்த சட்டங்களால்தான் நாடற்றவர் என்ற பேர் படிப்படியாக நீங்கியது.

இதையெல்லாம் எதற்குச் சொல்கிறோம்? இன்று சாவடியில் நாம் இடும் ஒரு புள்ளடிக்குப் பின்னால் இரண்டு மூன்று தலைமுறையின் காத்திருப்பு இருக்கிறது. "ஓட்டுப் போட்டு என்னத்தைக் கண்டோம்?" என்று அலுத்துக் கொள்வது எளிது. அது கிடைக்காமல் கண்ணை மூடிய பாட்டன் பாட்டிகளை ஒரு தரம் நினைத்துப் பார்ப்போம்.

ஓட்டு இருந்தும் இருந்த வேலி

பிரதேச சபைகள் 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்டன. 1988 தொடக்கத்தில் அவை இயங்க ஆரம்பித்தன. முதல் தேர்தல் 1991இல் நடந்தது. தோட்ட மக்களும் வாக்களித்தார்கள். தோட்டத்துப் பிள்ளைகள் உறுப்பினராகவும் தவிசாளராகவும் ஆனார்கள்.

ஆனால் ஒரு பெரிய முடிச்சு இருந்தது. அந்தச் சட்டத்தின் 33ஆம் பிரிவு காரணமாக, தோட்டத்துக் காணிக்குள் சபையின் பணத்தைச் செலவழிக்க முடியாது என்ற நிலை. தோட்டக் காணி நிர்வாகத்தின் பொறுப்பில் உள்ள இடம், பொது இடம் அல்ல என்பது வாதம். விளைவு என்ன? மெயின் ரோட்டில் சபையின் லைட் எரியும். அங்கிருந்து லயத்துக்குத் திரும்பும் வளைவில் இருட்டு. சபைக் குப்பை லொறி கடைவீதியோடு திரும்பிப் போகும். நம் ஓட்டில் தெரிவான உறுப்பினரே, "எனக்கு மனசு இருக்கு, சட்டம் விடலியே" என்று கையை விரிக்க வேண்டியிருந்தது. சிலர் உண்மையாகவே அப்படிச் சொன்னார்கள். சிலருக்கு அது நல்ல சாக்காகவும் போனது.

2018இல் பாராளுமன்றம் இந்தச் சட்டத்தைத் திருத்தியது. தோட்ட நிர்வாகத்தோடு பேசி, தோட்டக் குடியிருப்புகளுக்குத் தேவையான பாதை, கிணறு, பொது வசதிகள் முதலியவற்றைச் சபை செய்து கொடுக்க வழி திறந்தது. ஆகவே "தோட்டத்துக்குள்ள சபை வர ஏலாது" என்று இன்று யாராவது சொன்னால், அது பழைய பாட்டு. "2018இல் சட்டம் மாறிப் போச்சுங்க ஐயா" என்று மரியாதையாகச் சொல்லுங்கள்.

ஒன்றை மறக்கக் கூடாது. சட்டம் வழியைத் திறந்ததே தவிர, வேலை தானாக நடந்து விடாது. நிர்வாகத்தோடு பேச வேண்டும், சபையில் தீர்மானம் வேண்டும், பணம் ஒதுக்க வேண்டும். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் வேலை நிற்கும். எது நிற்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் நம் பாடு.

ஐந்து சபை ஒன்பதான காரணம்

நமது மாவட்டத்தில் முன்பு ஐந்து பிரதேச சபைகள்தான் இருந்தன: நுவரெலியா, அம்பகமுவ, கொத்மலை, வலப்பனை, ஹங்குராங்கெத்த. இதில் நுவரெலியா, அம்பகமுவ என்ற இரண்டு பிரதேசத்திலும் தனித்தனியே இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள். நாட்டின் வேறு பகுதிகளில் சில ஆயிரம் பேருக்கே ஒரு சபை இருக்கும் போது, இங்கே இரண்டு லட்சம் பேர் ஒரு சபையின் வாசலில் நிற்க வேண்டியிருந்தது. தோட்டப் பகுதிகளிலிருந்து பல காலம் கோரிக்கை எழுந்தது. அதன் பிறகு 2018 தேர்தலுக்கு முன்பு நுவரெலியாவிலிருந்து கொட்டகலை, அக்கரப்பத்தனை ஆகியவையும், அம்பகமுவவிலிருந்து மஸ்கெலியா, நோர்வூட் ஆகியவையும் தனிச் சபைகளாகப் பிரிக்கப்பட்டன. இப்போது ஒன்பது பிரதேச சபைகள். இவற்றோடு நுவரெலியா மாநகர சபை, ஹட்டன் - டிக்கோயா நகர சபை, தலவாக்கலை - லிந்துலை நகர சபை.

நீங்கள் எந்தச் சபையில், எந்த வட்டாரத்தில் இருக்கிறீர்கள் என்று தெரியுமா? ஒரே தோட்டத்தின் இரண்டு டிவிஷன் இரண்டு வட்டாரத்தில் இருக்கலாம். உங்கள் கிராம உத்தியோகத்தரிடம் கேட்டு எழுதி வைத்துக் கொள்ளுங்கள்.

வாக்குறுதியை மூன்று கூடையில் பிரிப்போம்

தேர்தல் காலத்தில் கேட்ட வாக்குறுதிகளை மூன்று கூடையில் போட்டுப் பார்ப்போம்.

முதல் கூடை: சபையின் சொந்த வேலை.

சபைக்குரிய பாதைகள், தெரு விளக்கு, குப்பை அகற்றல், கழிவுக்கான், பொதுச் சந்தை, நூலகம், விளையாட்டு மைதானம், மயானம், பொதுக் கழிப்பிடம், கட்டட அனுமதி ஆகியவை. சிறு குடிநீர்த் திட்டமும் சபை செய்யலாம். இவற்றைச் செய்து தருவோம் என்று ஒருவர் சொன்னால், "எந்த ரோடு? எத்தனை விளக்கு? எந்த வருஷத்துப் பட்ஜெட்டில?" என்று நேரடியாகக் கேட்கலாம். செய்யாவிட்டால் சாக்குச் சொல்ல இடமில்லை.

இரண்டாம் கூடை: சபை தனியே செய்ய முடியாதது, மற்றவரோடு சேர்ந்து செய்யக் கூடியது.

தோட்டக் காணிக்குள் ஓடும் பாதை, லயத்துக் குடிநீர், வீட்டுக்குக் காணி ஆகியவை இந்தக் கூடை. பெரும்பாலான தோட்டக் காணி அரசாங்கத்துக்குச் சொந்தம். 1992இல் தோட்டங்களின் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் கொடுக்கப்பட்டது, பின்னர் நீண்ட காலக் குத்தகையாகியது. ஆகவே காணி என்றால் மத்திய அரசு, கம்பனி, பிரதேச செயலகம் என்று பல கைகள் சேர வேண்டும். சபை உறுப்பினர் இதில் பேசலாம், கடிதம் எழுதலாம், தீர்மானம் கொண்டு வரலாம். ஆனால் "நான் தெரிவானா ஆளுக்கு ஏழு பேர்ச்சஸ் காணி" என்று ஒருவர் தனியே வாக்குக் கொடுத்தால், அவர் தன் கையில் இல்லாததைத் தருகிறார்.

மூன்றாம் கூடை: சபைக்குச் சம்பந்தமே இல்லாதது.

நாள் சம்பளம் இதில் முதலாவது. 2021இல் 1,000 ரூபா என்று வந்ததும், 2024இல் 1,350 ரூபா என்று வந்ததும் சம்பள நிர்ணய சபை மூலமாகத்தான். பெயரில் சபை என்று இருந்தாலும் அது பிரதேச சபை அல்ல. பாடசாலை ஆசிரியர் நியமனம், ஆஸ்பத்திரி டாக்டர், பொலிஸ், பஸ் ரூட் இவையும் வேறு இடத்து வேலை. இவற்றைப் பற்றி வேட்பாளர் பேசக் கூடாது என்று நாம் சொல்லவில்லை. அவை நம் வாழ்வின் பெரிய பிரச்சினைகள். ஆனால் பிரதேச சபைத் தேர்தலில் சம்பளத்தைப் பற்றி மட்டும் முழங்கி விட்டு, கானைப் பற்றியும் குப்பையைப் பற்றியும் ஒரு வார்த்தை பேசாதவர், கேள்வியிலிருந்து தப்பிக்கப் பார்க்கிறார் என்றே அர்த்தம்.

கான் சின்ன விஷயமா?

சிலர் நினைக்கலாம், "கானும் குப்பையும் பெரிய விஷயமா, இதுக்கு ஒரு தேர்தலா?" என்று. பெரிய விஷயம்தான்.

பீலிக்கரைக்கு மேலே குப்பை கொட்டினால் மழைத் தண்ணி அதைக் கழுவிக் கொண்டு பீலிக்கு வரும். பிள்ளைக்கு வயிற்றோட்டம். தாய்க்கு இரண்டு நாள் பேர் போச்சு. அந்த மாதச் சம்பளத்தில் அது தெரியும். ரோடு உடைந்து கிடந்தால் பிரசவ வலி வந்த பெண்ணை ஏற்ற ஓட்டோ மேலே வராது. விளக்கு இல்லையென்றால் பின்னேர வகுப்புக்குப் போன பெண் பிள்ளையை, "இருட்டுது, நாளையிலிருந்து போகாத" என்று நிறுத்தி விடுகிறோம். ஒரு விளக்குக் கம்பத்தில் ஒரு பிள்ளையின் படிப்பு தொங்குகிறது.

மலை நாட்டில் இன்னொன்றும் உண்டு. மழைத் தண்ணி ஓடக் கான் இல்லாவிட்டால் அது மண்ணுக்குள் இறங்கும். மண் இளகும். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு வந்த மழையில் நுவரெலியா மாவட்டம் உட்பட மலையகத்தில் பல இடங்களில் மண் சரிந்து உயிர்கள் போயின. எல்லா மண்சரிவையும் கான் வெட்டித் தடுக்க முடியாது. அபாயமான சரிவில் இருக்கும் லயத்தை அங்கிருந்து மாற்றத்தான் வேண்டும். எந்த இடம் அபாயம் என்று சொல்வது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம். ஆனால் அடைத்துக் கிடக்கும் கானைத் திறப்பது, வெட்டக் கூடாத இடத்தில் மண்ணை வெட்டிக் கட்டடம் போடாமல் பார்ப்பது, சபையும் நிர்வாகமும் நாமும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை. மழை வருமுன் கேட்க வேண்டிய விஷயம் இது.

ஒரு புள்ளடி எப்படி ஆசனமாகிறது?

2024 செப்டெம்பர் 21இல் ஜனாதிபதித் தேர்தல், நவம்பர் 14இல் பாராளுமன்றத் தேர்தல், 2025 மே 6இல் உள்ளூராட்சித் தேர்தல். எட்டு மாதத்துக்குள் மூன்று தேர்தல், மூன்று விதமான வாக்களிப்பு. ஜனாதிபதித் தேர்தலில் 1, 2, 3 என்று விருப்பம் போடலாம். பாராளுமன்றத் தேர்தலில் கட்சிக்குப் புள்ளடி, பிறகு வேட்பாளர் இலக்கம். பிரதேச சபைத் தேர்தலில் இலக்கம் எதுவும் இல்லை. கட்சி அல்லது சுயேச்சைக் குழுவின் சின்னத்துக்கு நேரே ஒரே ஒரு புள்ளடி. இரண்டு இடத்தில் போட்டால் வாக்கு செல்லாது. பேர், கையெழுத்து எதுவும் எழுதக் கூடாது.

சபையின் ஆசனங்களில் 60 வீதம் வட்டாரத்தில் வென்றவர்களுக்கு. 40 வீதம் கட்சிகள் எடுத்த மொத்த வாக்கின் விகிதப்படி பட்டியலில் இருந்து. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு சபையில் 20 ஆசனம் என்று வைத்துக் கொள்வோம். வட்டாரம் 12, பட்டியல் 8. மொத்தம் 20,000 பேர் வாக்களித்தார்கள். 'அ' கட்சிக்கு 9,000, 'ஆ' கட்சிக்கு 7,000, 'இ' கட்சிக்கு 4,000. ஆயிரம் வாக்குக்கு ஒரு ஆசனம் என்று வரும்.

'அ' 8 வட்டாரத்தில் வென்றது. அதற்குரியது 9. ஆகவே பட்டியலில் 1.
'ஆ' 4 வட்டாரத்தில் வென்றது. அதற்குரியது 7. பட்டியலில் 3.
'இ' ஒரு வட்டாரத்திலும் வெல்லவில்லை. ஆனால் அதற்குரியது 4. பட்டியலில் 4.

இதில் இரண்டு பாடம் இருக்கிறது. ஒன்று, உங்கள் வட்டாரத்தில் தோற்ற கட்சிக்குப் போட்ட வாக்கும் வீணில்லை. "அவருதானே வெல்லப் போறாரு, நாம ஏன் போகணும்?" என்று வீட்டில் இருக்கத் தேவையில்லை. இரண்டு, இந்தச் சபையில் யாருக்கும் பாதிக்கு மேல் இல்லை. அப்படியான சபையில் முதல் கூட்டத்தில் உறுப்பினர்கள் வாக்களித்துத்தான் தவிசாளரைத் தெரிவு செய்வார்கள். யார் யாரோடு சேர்ந்து, என்ன பேசி, யாரைத் தவிசாளர் ஆக்கினார்கள்? அங்கே நம் வட்டாரத்துக்கு என்ன கேட்டு வாங்கினார்கள்? இதை உறுப்பினரிடம் கேட்க நமக்கு உரிமை உண்டு. ஓட்டு நமது, பேரம் மட்டும் அவர்களதா?

பெண்களும் சபையும்

மலையில் கொழுந்தெடுப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். தண்ணிக்குக் காத்திருப்பதும் பெண்கள். ஆனால் நீண்ட காலம் நாட்டின் உள்ளூராட்சி மன்றங்களில் பெண் உறுப்பினர்கள் நூற்றுக்கு இரண்டு பேர் அளவில்தான் இருந்தார்கள். 25 வீதம் பெண்களுக்கு என்ற சட்டம் வந்து, 2018 தேர்தலில் அது 20 வீதத்தைத் தாண்டியது.

சட்டம் கதிரையைத் தந்தது. கதிரையில் இருப்பவர் பேச வேண்டும். சில இடங்களில் பெண் உறுப்பினர் பேருக்கு இருப்பார், அவருக்காகக் கணவரோ தலைவரோ பேசுவார். அது சரியல்ல. மாதர் தலைவிமார் உங்கள் பகுதிப் பெண் உறுப்பினரைக் கூப்பிட்டு, பிள்ளை மடுவத்துக்கருகில் உட்கார வைத்துப் பேசுங்கள். லயத்துக் கழிப்பிடத்துக்குக் கதவு இல்லாத கஷ்டத்தை இன்னொரு பெண்ணுக்கு நீட்டி விளக்கத் தேவையில்லை.

பேர் இருக்கா? அட்டை இருக்கா? லீவு இருக்கா?

தேர்தல் அன்று மூன்று காரணத்தால் நம் ஆட்கள் வாக்கை இழக்கிறார்கள்.

ஒன்று: இடாப்பில் பேர் இல்லை. ஒவ்வொரு ஆண்டும் கிராம உத்தியோகத்தர் மூலமாக வாக்காளர் இடாப்பு திருத்தப்படுகிறது. படிவம் வரும் போது வீட்டில் 18 வயது நிரம்பியவர்கள் எல்லாருடைய பேரும் இருக்கிறதா என்று பாருங்கள். திருமணமாகி வந்த மருமகள், கொழும்பில் வேலை செய்யும் மகன், இவர்கள்தான் அதிகம் விடுபடுவது. பட்டியல் காட்சிக்கு வைக்கும் போது ஒரு தரம் போய்ப் பார்த்து, விடுபட்டிருந்தால் உடனே கோரிக்கை கொடுங்கள். தேர்தல் அறிவித்த பிறகு ஓடித் திரிவதில் பிரயோசனமில்லை.

இரண்டு: அடையாள அட்டை இல்லை. வாக்காளர் அட்டை வந்து விட்டால் போதும் என்று நினைக்கிறோம். போதாது. தேசிய அடையாள அட்டை, கடவுச்சீட்டு, சாரதி அனுமதிப் பத்திரம் போன்ற ஏற்றுக் கொள்ளப்பட்ட ஆவணம் ஒன்று வேண்டும். எதுவுமே இல்லாதவர் கிராம உத்தியோகத்தர் மூலம் தற்காலிக அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கலாம்.

மூன்று: லீவு. வாக்களிக்கச் சம்பளத்தோடு லீவு கொடுப்பது வேலை கொடுப்பவரின் கடமை. இது தயவு அல்ல. கடந்த தேர்தல்களில் தேர்தல்கள் ஆணைக்குழு தனியார் துறைக்கு அறிவித்த ஒழுங்கு இது: வாக்களிப்பு நிலையம் 40 கிலோமீற்றருக்குள் என்றால் அரை நாள், 40 முதல் 100 வரை ஒரு நாள், 100 முதல் 150 வரை ஒன்றரை நாள், 150க்கு மேல் இரண்டு நாள். கொழும்பில் கடையிலும் ஹோட்டலிலும் வேலை செய்யும் நம் தம்பி தங்கைகளுக்கு இதை அனுப்பி வையுங்கள். லீவை எழுத்தில் கேட்க வேண்டும்.

இன்னுமொன்று. தேர்தல் நேரத்தில் தகரம் வரும், சாமான் பொதி வரும், போத்தல் வரும். வாக்குக்காகக் கொடுப்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம். குற்றம் என்பது ஒரு பக்கம். ஒரு தகரத்தை வாங்கிக் கொண்ட பிறகு, நான்கு வருஷம் அவரிடம் ரோட்டைப் பற்றிக் கேட்க வாய் வருமா? யோசிக்க வேண்டும். மறைவுக்குப் பின்னால் நீங்கள் யாருக்குப் புள்ளடி போட்டீர்கள் என்பது உங்களுக்கு மட்டும்தான் தெரியும். அதைச் சொல்லும்படி யாரும் வற்புறுத்த முடியாது.

சங்கம் வேறு, சபை வேறு

தோட்டத்தில் நாம் பல சங்கங்களில் இருக்கிறோம். சந்தா கொடுக்கிறோம். சங்கத் தலைவர்களே தேர்தலிலும் நிற்கிறார்கள். அதில் தவறில்லை. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. சங்கம் தன் அங்கத்தவருக்காகப் பேசுவது. சபை உறுப்பினர் வட்டாரத்தில் உள்ள எல்லாருக்கும் உறுப்பினர். தனக்கு ஓட்டுப் போடாதவருக்கும், மாற்றுச் சங்கத்துக்காரருக்கும், சந்தாவே இல்லாத பென்சன்காரப் பாட்டிக்கும் அவர்தான் உறுப்பினர். "மேல் லயத்து ஆளுக வேற சங்கம், அங்க லைட் வேணாம்" என்று சொல்ல அவருக்கு அதிகாரம் கிடையாது. சபைப் பணம் கட்சிப் பணம் அல்ல, பொதுப் பணம். ஆதன வரி, ஏக்கர் வரி, வியாபார அனுமதிக் கட்டணம், அரசாங்கத்தின் மானியம் என்று சேர்ந்த பணம் அது. பயிர்க் காணிகளுக்கு ஏக்கர் வரி அறவிடச் சபைக்குச் சட்டத்தில் அதிகாரம் உண்டு என்பதையும் நினைவில் வையுங்கள். தோட்டம் சபைக்கு அந்நியமல்ல.

தெரிவு செய்தாச்சு, இனி என்ன?

2018இல் தெரிவான சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. அந்த மாதம் 9ஆம் திகதி நடக்க இருந்த தேர்தல், பணமில்லை என்று தள்ளிப் போனது. அப்படி நடத்தாமல் விட்டது மக்களின் அடிப்படை உரிமையை மீறிய செயல் என்று 2024 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. இடையில் இரண்டு வருஷத்துக்கு மேல் பிரதேச சபைகளில் மக்கள் தெரிவு செய்த உறுப்பினரே இல்லை. அதிகாரிகள்தான் பார்த்துக் கொண்டார்கள். கேட்க ஆள் இல்லாத காலம் அது. இப்போது ஆள் இருக்கிறார். சபையின் காலம் நான்கு வருஷம். கேட்காமல் விட்டால் இருந்தும் இல்லாத மாதிரித்தான்.

செய்ய வேண்டியவை:

1. உங்கள் டிவிஷனில் எல்லாச் சங்கத்தாரும் சேர்ந்து உட்காருங்கள். மூன்று தேவைகளை மட்டும் தெரிந்தெடுங்கள். இருபது கேட்டால் ஒன்றும் நடக்காது.

2. வாயால் சொல்லாதீர்கள், எழுத்தில் கொடுங்கள். பிரதி ஒன்றில் சபைக் காரியாலய முத்திரையும் திகதியும் வாங்கி வையுங்கள்.

3. அடுத்த வருஷத்துப் பட்ஜெட் இந்த வருஷம் முடியுமுன் சபையில் நிறைவேற வேண்டும். ஆகவே ஆண்டு நடுப்பகுதிக்குள் கோரிக்கை போய்ச் சேரட்டும். தைப்பொங்கலுக்குப் பிறகு கேட்டால், "பட்ஜெட் முடிஞ்சு போச்சே" என்பார்கள்.

4. சபைக் கூட்டத்தைப் பொதுமக்களும் போய்ப் பார்க்கலாம். மாதத்துக்கு இரண்டு பேர் முறை வைத்துப் போய் வாருங்கள். நம் உறுப்பினர் வந்தாரா, பேசினாரா என்று தெரியும். சபையின் குழுக்களில் உறுப்பினர் அல்லாத பிரதேசவாசிகளையும் சேர்த்துக் கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. படித்த பிள்ளைகள் இதைக் கேட்டுப் பாருங்கள்.

5. பதில் வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. "எங்கள் கோரிக்கைக்கு என்ன நடந்தது? இந்த ஆண்டு எங்கள் வட்டாரத்துக்கு ஒதுக்கிய பணம் எவ்வளவு?" என்று சபையின் தகவல் அலுவலரிடம் எழுதிக் கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் தகவல் தருவதா இல்லையா என்ற முடிவை அவர் சொல்ல வேண்டும்.

மாதிரிக் கடிதம் ஒன்று:

"தவிசாளர் அவர்கள், ........ பிரதேச சபை.

ஐயா / அம்மா,

........ தோட்டம், ........ டிவிஷன் லயத்துப் பாதைக்கு விளக்கு கோரல்

மேற்படி டிவிஷனில் ........ குடும்பங்கள் வாழ்கிறோம். மெயின் ரோட்டிலிருந்து லயம் வரை ........ மீற்றர் பாதையில் விளக்கு இல்லை. மாணவர்களும் வேலை முடிந்து வரும் பெண்களும் இருட்டில் நடக்கிறார்கள். 2018ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்படி, தோட்ட நிர்வாகத்துடன் பேசி, அடுத்த ஆண்டுப் பட்ஜெட்டில் இதற்குப் பணம் ஒதுக்கித் தருமாறு பணிவாகக் கேட்டுக் கொள்கிறோம். எங்கள் வட்டார உறுப்பினருக்கும் தோட்ட அதிகாரிக்கும் பிரதி அனுப்பியுள்ளோம்.

இப்படிக்கு, டிவிஷன் மக்கள் (கையெழுத்துகள்)"

குடும்பக் கணக்கையும் மீற்றர் கணக்கையும் சரியாக எழுதுங்கள். கணக்கோடு வரும் கடிதத்தை இலேசில் ஒதுக்கி வைக்க முடியாது.

நம் பக்கமும் ஒரு கடமை இருக்கிறது. போட்ட விளக்கைக் கல்லால் அடித்தால், திறந்த கானில் பிளாஸ்டிக் பையை எறிந்தால், சபையை மட்டும் குறை சொல்ல முடியாது. வாங்கியதைக் காப்பாற்றுவதும் நம் வேலைதான்.

கூடிப் பேசச் சில கேள்விகள்

பிள்ளை மடுவத்திலோ கோயில் மண்டபத்திலோ பத்துப் பேர் சேர்ந்து, வாசிக்கத் தெரிந்த பிள்ளை ஒருவரைக் கொண்டு இந்தப் பாடத்தை வாசிக்கச் சொல்லுங்கள். பிறகு பேசுங்கள்.

1. நமது சபை எது? வட்டாரம் எது? உறுப்பினரின் பேர் என்ன?
2. கடந்த தேர்தலில் நமக்குத் தந்த வாக்குறுதிகள் எவை? ஒவ்வொன்றும் எந்தக் கூடையில் வரும்?
3. நம் டிவிஷனுக்கு இன்று மிக அவசரமான மூன்று தேவைகள் எவை?
4. இடாப்பில் பேர் இல்லாத 18 வயதுக்காரர் நம் லயத்தில் எத்தனை பேர்?
5. கடிதத்தை யார் எழுதுவது? யார் கொண்டு போய்க் கொடுப்பது? எந்தத் திகதிக்குள்?

ஐந்தாவது கேள்விக்குப் பதிலாக இரண்டு பேரின் பெயரும் ஒரு திகதியும் எழுதியான பிறகுதான் அன்றைய கூட்டத்தை முடிக்க வேண்டும்.